மெடிக்கெய்ட் ரேட் மாறினால் மாற்றுத்திறனாளி சேவைகளுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெடிக்கெய்ட் என்பது அமெரிக்காவில் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகிற மருத்துவ உதவித் திட்டம். சேவை தருகிறவர்களுக்கு அந்தப் பணத்தை எந்த முறையில் கணக்கிட்டுக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறது. "ரேட் ரிஃபார்ம்" என்று ஒரு கடிதம் வரும், படித்தால் பாதி விளங்காது, எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். சில மாதம் கழித்து வழக்கமாக வருகிற உதவியாளர் வேலையை விட்டுப் போவார், இல்லையென்றால் பகல் நேரப் பராமரிப்பான டே ப்ரோகிராமில் நாட்களைக் குறைப்பார்கள். அந்தக் கடிதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், செரிப்ரல் பால்சி உள்ள பிள்ளைகளை அங்கே வளர்க்கிற தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதனால் உங்கள் மாநில விதியையும் கூடவே வைத்துப் படியுங்கள்.

மெடிக்கெய்ட் ஏழைகளுக்கானதுதானே? ஐடி வேலையில் இருக்கிற எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஒரு எண்ணத்தாலேயே பல குடும்பங்கள் வருடக்கணக்கில் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகின்றன. மெடிக்கெய்ட் 1965-ல் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காகத்தான் வந்தது. ஆனால் இன்று அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்புக்குச் செலவாகிற பணத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் மெடிக்கெய்ட் பணம்தான். கம்பெனி இன்சூரன்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 25 வயது மகனைக் குளிக்க வைக்கவும், கடைக்குக் கூட்டிப்போகவும், வேலையிடத்தில் பக்கத்தில் நிற்கவும் ஆள் தராது. தெரபிக்குப் பணம் தரும், அதோடு சரி.

பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் பிள்ளையின் வருமானத்தை மட்டும் பார்க்கிற வழி 1980-களின் தொடக்கத்தில் திறந்தது. ஐயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தைக்கு மூளையழற்சி வந்து வென்டிலேட்டர் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தால் மெடிக்கெய்ட் கொடுக்கும், வீட்டுக்குப் போனால் நிறுத்திவிடும் என்ற நிலைமை. 1981-ல் அன்றைய அதிபர் ரீகனே இதைப் பொதுவெளியில் எடுத்துப் பேசினார். அதே ஆண்டில்தான், நிறுவனத்தில் இல்லாமல் வீட்டிலும் ஊருக்குள்ளும் இருந்தபடி உதவி பெற மெடிக்கெய்ட் பணம் தரலாம் என்கிற 1915 (சி) பிரிவு சட்டத்தில் சேர்ந்தது, நாம் "வெய்வர்" என்று சொல்வது அதைத்தான். பல மாநிலங்களில் வெய்வருக்குப் பெற்றோர் சம்பளம் கணக்கில் வராது. 18 வயது முடிந்தால் எஸ்எஸ்ஐ என்கிற மத்திய அரசின் மாதாந்திர உதவித்தொகைக்கும் பெற்றோர் வருமானத்தைச் சேர்க்க மாட்டார்கள்.

குடியுரிமை நிலை பற்றி: கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்களுக்குப் பொதுவாக 5 வருடக் காத்திருப்பு உண்டு, குழந்தைகளுக்குப் பல மாநிலங்கள் அதைத் தளர்த்தியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1969-ல் வந்த லாண்டர்மன் சட்டப்படி, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேவை ஏற்பாடு செய்கிற ரீஜனல் சென்டர்களில் விசா நிலையைக் காரணம் காட்டிச் சேவையை மறுப்பதில்லை.

வெய்வர் எங்கள் உரிமையா, இல்லை அரசு விருப்பப்பட்டால் கொடுப்பதா?

இரண்டாவதுதான். மெடிக்கெய்ட் சட்டப்படி நர்சிங் ஹோம் கட்டாயச் சேவை, எந்த மாநிலமும் அதைத் தராமல் இருக்க முடியாது. வீட்டிலும் ஊருக்குள்ளும் இருந்தபடி பெறுகிற உதவிகளில் பெரும்பகுதி "விருப்பச் சேவை". எத்தனை பேருக்கு இடம் என்று மாநிலமே வரம்பு வைக்கலாம், அதனால்தான் காத்திருப்போர் பட்டியல். நாடு முழுக்க 2024-ல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தப் பட்டியல்களில் இருந்தார்கள், டெக்சாஸில் சில பட்டியல்களில் 10 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு நோயறிதல் வந்த மாதமே பெயர் கொடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

ஒரு பிடிமானம் உண்டு. 1999-ல் உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் வழக்கில், ஊருக்குள் வாழக்கூடிய ஒருவரைக் காரணமில்லாமல் நிறுவனத்துக்குள்ளேயே அடைத்து வைப்பது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. ஜார்ஜியா மாநில மருத்துவமனையில் இருந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு அது. ஆனால் தீர்ப்பு பணம் ஒதுக்காது. எந்தச் சேவைக்கு எவ்வளவு ரேட் என்பதை மாநிலம்தான் எழுதுகிறது. மாநிலத்தில் வருமானம் சரிகிற வருடங்களில் முதலில் கை வைப்பதும் கட்டாயமில்லாத சேவைகளில்தான்.

இதில் ஒரு கொடுமையான கணக்கும் இருக்கிறது. மெடிக்கெய்ட் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு தரும், ஏழை மாநிலங்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் மாநிலத்தின் பங்கு 40 சதவீதம் என்று வையுங்கள். பட்ஜெட்டில் 40 டாலர் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மாநிலம் 100 டாலர் சேவையை வெட்ட வேண்டும். வராமல் போகிற மற்ற 60 டாலர் மத்திய அரசின் பணம். மாநிலத்துக்குக் கிடைக்கிற மிச்சத்தைவிட நமக்கு விழுகிற அடி பெரியது.

ரேட் என்றால் சரியாக என்ன? அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சேவை தருகிற நிறுவனத்துக்கு, அதாவது புரொவைடருக்கு, ஒரு அலகு வேலைக்கு அரசு தருகிற தொகை. வீட்டுக்கு வந்து உதவுவதற்குப் பெரும்பாலும் 15 நிமிடம் ஒரு அலகு. சிலர் ஒன்றாகத் தங்கி உதவி பெறுகிற குரூப் ஹோமுக்கு ஒரு நாள் ஒரு அலகு.

ஒரு மணி நேரத்துக்கான ரேட் எப்படிக் கூடுகிறது என்று ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உதவியாளருக்கு மணிக்கு 16 டாலர் சம்பளம். அதன்மேல் நிறுவனம் கட்டும் சம்பள வரி 7.65 சதவீதம், அங்கேயே 17.20 தாண்டுகிறது. விபத்துக் காப்பீடு, விடுப்பு எல்லாம் சேர்த்தால் 19. அவர் வாரத்தில் 40 மணி நேரம் சம்பளம் வாங்குகிறார், ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட்டிப்போகிற நேரத்துக்கும், குறிப்பு எழுதுகிற நேரத்துக்கும், பயிற்சிக்கும் அரசிடம் பில் போட முடியாது. பில் போட முடிந்தது 34 மணி நேரம் என்றால், அந்த 19 டாலர் 22.35 ஆகிறது. மேற்பார்வையாளர், பயிற்சிச் செலவு என்று ஒரு இரண்டரை டாலர், அலுவலக நிர்வாகத்துக்கு 12 சதவீதம். கிட்டத்தட்ட 28 டாலர் வந்துவிட்டது. இப்போது மாநிலம் 24 டாலர்தான் தருவேன் என்கிறது. வரியைக் குறைக்க முடியாது, காப்பீட்டைக் குறைக்க முடியாது. சம்பளம் 14 டாலருக்குக் கீழே போகும், அல்லது பயிற்சி போகும், அல்லது தூரமான வீடுகளுக்கு "எங்களிடம் ஆள் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

ரேட் மாற்றம் வரும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சம்பளத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள், அது எந்த வருடத்து எண், பில் போட முடியாத நேரத்துக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள், இந்த மூன்றையும் தேடுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய சம்பள எண்ணை வைத்து இன்றைக்கு ரேட் போட்டிருந்தால், உங்கள் ஊர் அமேசான் கிடங்கில் இன்று என்ன சம்பளம் தருகிறார்கள் என்று ஒப்பிட்டாலே மீதி புரிந்துவிடும்.

குரூப் ஹோம் நாள் ரேட்டில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ மகளை நான்கு நாள் வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள். அந்த நாட்களுக்கு நிறுவனம் பொதுவாக பில் போட முடியாது, ஊழியர் சம்பளமும் வாடகையும் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல ரேட் முறையில் இந்த வெளி நாட்களை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து, 365 நாளுக்குப் பதிலாகக் குறைந்த நாட்களால் வகுப்பார்கள். சேர்க்காத மாநிலத்தில் "அடிக்கடி வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்" என்ற பேச்சு வரும். சொல்கிறவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, ரேட் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

சரி, பழைய முறையே இருந்துவிட்டுப் போகட்டுமே, ஏன் மாற்றுகிறார்கள்?

பழைய முறை எல்லா இடத்திலும் நன்றாக இல்லை. ஒரே வேலைக்கு ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போல) ஒரு ரேட், பக்கத்துக் கவுண்டியில் வேறு ரேட். நன்றாகப் பேரம் பேசத் தெரிந்த நிறுவனத்துக்கு அதிகம், புதிதாகத் தொடங்கிய சின்ன நிறுவனத்துக்குக் குறைவு. மினசோட்டா 2014-ல் கவுண்டிகளிடமிருந்து இந்த வேலையை எடுத்து மாநிலம் முழுக்க ஒரே கணக்கு முறைக்கு மாறியது. கலிஃபோர்னியா 2019-ல் ஒரு பெரிய ரேட் ஆய்வை முடித்து, அதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்து 2025 ஜனவரியில் முழுமையாக்கியது. நீதியான நோக்கம்தான், அதை மறுக்க முடியாது.

மாற்றியே ஆகவேண்டிய நிலைமைக்கு இண்டியானாவின் ஏபிஏ தெரபி (ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நடத்தைப் பயிற்சி) நல்ல உதாரணம். அங்கே தெரபி நிறுவனம் எவ்வளவு பில் போடுகிறதோ அதில் 40 சதவீதத்தை மாநிலம் கொடுத்துக்கொண்டிருந்தது. பில் தொகையை நிறுவனமே முடிவு செய்யும். விளைவு, 2017-ல் 21 மில்லியன் டாலராக இருந்த செலவு 2023-ல் 611 மில்லியன். மத்திய தணிக்கையாளர்கள் 2019, 2020 கணக்குகளைப் பார்த்து, குறைந்தது 56 மில்லியன் டாலர் முறையின்றிக் கொடுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். 2024 ஜனவரியில் மாநிலம் ஒரே சீரான ரேட் கொண்டுவந்தது. இதில் குழந்தைகளின் தவறு எதுவும் இல்லை, பெற்றோரின் தவறும் இல்லை. ஆனால் பணம் தருகிற முறை ஓட்டையாக இருந்தால், அதை அடைக்க வரும்போது நேர்மையாக நடத்துகிற தெரபி மையமும் சேர்ந்து அடி வாங்கும். அதனால்தான் மோசமான ரேட் முறையை நாமும் ஆதரிக்கக் கூடாது என்கிறேன், இன்றைக்கு நமக்கு அது சாதகமாகத் தெரிந்தாலும்.

பிள்ளையை "லெவல் 3", "டியர் 4" என்று வகைப்படுத்துகிறார்கள். இது எதற்கு?

உதவித் தேவை அதிகமுள்ளவருக்கு அதிகப் பணம் போக வேண்டும் என்பதற்காக. கேள்வித்தாள் வைத்து மதிப்பீடு செய்வார்கள், மதிப்பெண் வரும், அதற்கு ஒரு லெவல், லெவலுக்கு ஒரு ரேட் அல்லது ஆண்டு பட்ஜெட். யோசனை சரி. ஆனால் மதிப்பெண்ணிலிருந்து பணத்துக்குப் போகிற சூத்திரத்தில்தான் எல்லாம் இருக்கிறது, பெரும்பாலும் அதை நமக்குக் காட்டுவதில்லை.

ஐடஹோவில் இப்படி ஒரு சூத்திரத்தால் பலருடைய பட்ஜெட் திடீரென்று குறைந்தது. ஏன் என்று கேட்டபோது, அது வர்த்தக ரகசியம் என்று மாநிலம் பதில் சொன்னது. 2012-ல் வழக்கு. நீதிமன்றம் சூத்திரத்தைக் காட்டச் சொல்லி, நிபுணர்கள் பார்த்தபோது, பழைய தரவின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்து எக்செல் தாளில் போட்ட கணக்கு அது என்று தெரிந்தது. 2016-ல் அது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது, அடுத்த ஆண்டு சமரசம் எட்டியது.

ஆர்கன்சாவில் 2016-ல் நர்ஸின் கணிப்பை எடுத்துவிட்டு ஒரு கணினிக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். வாரம் 56 மணி நேர உதவி பெற்றுக்கொண்டிருந்த செரிப்ரல் பால்சி உள்ள ஒரு பெண்ணுக்கு 32 மணி நேரமானது. அவர் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் வழக்கில், செரிப்ரல் பால்சியையே அந்த மென்பொருள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது வெளிவந்தது. கால் எடுக்கப்பட்ட ஒருவருக்கு "பாதத்தில் பிரச்சினை இல்லை" என்று குறித்திருந்ததாக அந்த வழக்கை நடத்திய சட்ட உதவி வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். 2018-ல் நீதிமன்றம் அந்த முறையை நிறுத்தச் சொன்னது.

மதிப்பீட்டுக்கு வரும்போது நாங்கள் எப்படிப் பேச வேண்டும்?

உள்ளதை உள்ளபடி. நம் வீடுகளில் இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வெளியாள் வந்து உட்கார்ந்து "உங்கள் மகன் தானாகச் சாப்பிடுவானா?" என்று கேட்டால், அம்மா உடனே "சாப்பிடுவான், நல்லா சாப்பிடுவான்" என்பார். பிள்ளையைக் குறைத்துச் சொல்ல வாய் வராது. ஆனால் நடப்பது என்ன? அவர் தட்டில் சாதத்தைப் பிசைந்து, சின்னச் சின்னதாக உருட்டி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து "மெதுவா, மெல்லு, தண்ணி குடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஒருமுறை தொண்டையில் அடைத்துக்கொண்டதிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. கேள்வித்தாளின் பாஷையில் இதற்குப் பெயர் தொடர்ந்த மேற்பார்வையும் உடல் உதவியும். "தானாகச் சாப்பிடுவான்" என்று பதிவானால் அந்த மதிப்பெண் அடுத்த மதிப்பீடு வரைக்கும் கூடவே வரும்.

போன மாதத்தில் மிக மோசமான நாள் எது, அன்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள், எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். தாத்தா பாட்டி ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து பார்த்துக்கொள்வதை நிரந்தர உதவியாகக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள், அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். முடிந்ததும் மதிப்பெண் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் மாநிலம் "மேனேஜ்டு கேர்" ஆகப்போகிறது என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

எச்சரிக்கையாக இருங்கள். மேனேஜ்டு கேர் என்றால், ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று மாநிலம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும், அதற்குள் சேவைகளை அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். மாநிலத்துக்குச் செலவு முன்கூட்டியே தெரியும். நிதி அபாயம் கம்பெனி தலையில். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நோயைத் தடுத்து மிச்சம் பிடிக்கலாம். தினமும் குளிக்கவும் உடுத்தவும் உதவி தேவைப்படுகிறவரிடம் எதைத் தடுத்து மிச்சம் பிடிப்பது? மணி நேரத்தைக் குறைத்தால்தான் உண்டு. மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதை எதிர்க்கிற காரணம் இதுதான், என் கருத்தும் அதுவே.

கன்சாஸ் 2013-ல் கன்கேர் என்று தொடங்கி, 2014 பிப்ரவரியில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் நீண்டகாலச் சேவைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. ஐயோவா 2016 ஏப்ரல் 1 அன்று ஏறக்குறைய எல்லோரையும் ஒரே நாளில் மூன்று கம்பெனிகளுக்கு மாற்றியது. வெய்வர் குடும்பங்களில் பெரும்பாலோர் சேர்ந்திருந்தது அமெரிஹெல்த் காரிடாஸில். அது 2017 நவம்பரோடு வெளியேறியது. பலரை யுனைடெட்ஹெல்த்கேருக்கு மாற்றினார்கள், 2019 ஜூனோடு அதுவும் வெளியேறியது. அந்தக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மூன்றேகால் வருடத்தில் ஒவ்வொரு தடவையும் புது கேஸ் மேனேஜர் (சேவைகளை ஒருங்கிணைக்கிறவர்), புது அனுமதி முறை, பிள்ளையின் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி ஆகவில்லை. அரிசோனாவில் 1980-களின் கடைசியிலிருந்தே இந்த முறைதான், ஆனால் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான திட்டத்தை நடத்துவது மாநிலத்தின் சொந்தத் துறை. உங்கள் மாநிலத்தில் மாற்றம் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: இப்போதுள்ள சேவைத் திட்டத்தை எத்தனை மாதம் அப்படியே தொடர்வீர்கள், இப்போதுள்ள கேஸ் மேனேஜர் இருப்பாரா, புரொவைடர் ரேட்டுக்குக் கீழ்வரம்பு உண்டா.

"தரத்துக்குப் பணம்", "பலனுக்குப் பணம்" என்கிறார்களே?

மணி நேரத்துக்குப் பதிலாக விளைவுக்குப் பணம். டென்னசி 2016-ல் தொடங்கிய திட்டத்தில், வேலை தேடித்தருகிற சேவைகளில் சிலவற்றுக்கு வேலை கிடைத்தது, நிலைத்தது என்ற படிகளுக்கேற்பப் பணம் தருகிறார்கள். கலிஃபோர்னியாவின் புது முறையில் ரேட்டின் 10 சதவீதம் தர ஊக்கத்தொகை. வேலை விஷயத்தில் எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் "வேலைக்குத் தயார் செய்கிறோம்" என்று வருடக்கணக்கில் ஒரே அறையில் உட்கார வைப்பது குறையும். ஆனால் எளிதில் வேலை கிடைக்கிறவரை மட்டும் சேர்த்துக்கொண்டு கடினமானவரை ஒதுக்கும் ஆபத்தும் இருக்கிறது. அதிகத் தேவை உள்ளவருக்கு அதிகத் தொகை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெற்றோருக்கே சம்பளம் தருவார்களா?

சில மாநிலங்களில் தருகிறார்கள், கோவிட் காலத்தில் இது நிறைய விரிந்தது. ஆனால் நிரந்தரம் என்று நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். இண்டியானாவில் 2023 டிசம்பரில், மெடிக்கெய்ட் செலவுக் கணிப்பில் சுமார் ஒரு பில்லியன் டாலர் துண்டு விழுகிறது என்று அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்து, மைனர் பிள்ளைகளைப் பராமரிக்கிற பெற்றோருக்கு மணிக்கணக்கில் கொடுத்துவந்ததை 2024 ஜூலையில் நிறுத்தி, நாள் கணக்கில் தருகிற வேறு திட்டத்துக்கு மாற்றினார்கள். இரவு முழுக்க கண்விழித்துப் பார்க்கிற பெற்றோருக்கு வருமானம் பெரிதும் குறைந்தது. அவர்கள் மாநிலத் தலைமைச் செயலகத்துக்குப் பிள்ளைகளோடு வந்து போராடினார்கள்.

மணி நேரம் அனுமதியாகியிருக்கிறது, ஆனால் ஆள் கிடைக்கவில்லை. யாரைக் கேட்பது?

முதலில் கேஸ் மேனேஜரிடம் எழுத்தில். அனுமதித்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று வாரா வாரம் குறித்து வையுங்கள், இந்தக் குறிப்பு பின்னால் மிகவும் பயன்படும். ஏனென்றால் நீங்கள் பயன்படுத்தாத மணி நேரத்தைக் காட்டி "இவருக்கு இவ்வளவு தேவையில்லை" என்று அடுத்த வருடம் குறைக்கப் பார்ப்பார்கள். ஆள் இல்லாததால்தான் பயன்படுத்தவில்லை என்பது காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஆள் கிடைக்காததற்குக் காரணம் மேலே சொன்ன கணக்குத்தான். வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்களின் நடுத்தரச் சம்பளம் மணிக்கு 16, 17 டாலர். அறிவுசார் குறைபாடு சேவைகளில் வருடத்தில் ஐந்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். வலிப்பு வரும் முன் பிள்ளையின் கண் எப்படிப் போகும் என்று கற்றுக்கொண்டவர் போய், அது தெரியாத ஒருவர் வருகிறார் என்பதுதான் இதன் பொருள். 2024-ல் மத்திய அரசு போட்ட விதியில், வீட்டுப் பராமரிப்பின் சில வகைகளுக்குத் தருகிற பணத்தில் 80 சதவீதம் பணியாளர் ஊதியத்துக்கே போக வேண்டும் என்று எழுதி, 6 வருட அவகாசம் கொடுத்தார்கள். ரேட்டே குறைவாக இருந்தால் குறைந்ததில் 80 சதவீதம் எதற்குக் காணும் என்று புரொவைடர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

உதவியாளர் வந்ததும் போனில் ஏதோ தட்டுகிறாரே, அது என்ன?

வந்த நேரம், போன நேரம், இடம் எல்லாம் பதிவாகும். 2016-ல் வந்த மத்தியச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பதிவு தவறினால் அந்த நேரத்துக்குப் பணம் வராது. அதனால் அவர் அதைச் செய்துமுடிக்க ஒரு நிமிடம் விடுங்கள்.

ரேட் போதவில்லை என்று வழக்குப் போடலாமா?

புரொவைடர்களுக்கு அந்தக் கதவு 2015-ல் ஏறக்குறைய மூடிவிட்டது. ஐடஹோவில் வீட்டுச் சேவை தருகிற நிறுவனங்கள், போதுமான புரொவைடர்கள் கிடைக்கிற அளவுக்கு ரேட் இருக்க வேண்டும் என்று மெடிக்கெய்ட் சட்டமே சொல்கிறதே என்று வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து, அதை அமல்படுத்த வேண்டியது மத்திய அரசின் துறை, நீங்கள் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது. 2025 ஜூனில் வந்த இன்னொரு தீர்ப்பு, தனக்குப் பிடித்த புரொவைடரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக நோயாளி வழக்குப் போடுவதையும் அடைத்தது. மிச்சமிருப்பது: மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஓம்ஸ்டெட் தீர்ப்பும், முறையான அறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் குறைக்கக் கூடாது என்ற உரிமை, அப்புறம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவ ரீதியாகத் தேவையானதைத் தந்தே ஆக வேண்டும் என்ற விதி. கடைசியாகச் சொன்னது மிக வலுவானது. 21-வது பிறந்தநாளோடு அது முடிந்துவிடும், எனவே பிள்ளைக்கு 18 ஆகும்போதே பெரியவர்களுக்கான வெய்வர் நிலவரத்தைப் பார்க்கத் தொடங்குங்கள்.

2025 ஜூலையில் வந்த பெரிய வரி-செலவுச் சட்டம் எங்களைப் பாதிக்குமா?

அதில் வெய்வர் சேவைகளை வெட்டு என்று நேரடியாக ஒரு வரி இல்லை. ஆனால் மெடிக்கெய்டுக்கான மத்தியப் பணம் பத்து வருடத்தில் சுமார் 900 பில்லியன் டாலர் குறையும் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் கணிப்பு. மாநிலங்கள் தங்கள் பங்கைத் திரட்ட மருத்துவமனைகள்மேல் போடுகிற வரிகளுக்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பணம் குறைந்தால் மாநிலம் எங்கே கை வைக்கும் என்பதை இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தோம். ஐடஹோ 2025 செப்டம்பரிலேயே புரொவைடர் ரேட்டை 4 சதவீதம் குறைத்தது. மெடிக்கெய்ட் பெற வேலை செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்கிற காகித வேலை உங்கள் தலையில் விழலாம்.

சேவையைக் குறைப்பதாக நோட்டீஸ் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

தேதியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பொதுவாகக் குறைப்பு அமலுக்கு வருவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த அமல் தேதிக்கு முன்பே மேல்முறையீடு செய்து, "விசாரணை முடியும்வரை இப்போதுள்ள சேவை தொடர வேண்டும்" என்று அதே கடிதத்தில் எழுதிக் கேட்டால், பழைய மணி நேரமே தொடரும். ஒரு நாள் தாமதித்தாலும் இந்த வசதி போகலாம். தோற்றால் இடைப்பட்ட காலச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்ற விதி இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மேனேஜ்டு கேரில் இருந்தால் முதலில் கம்பெனியிடம் முறையீடு, அதற்கு 60 நாள் அவகாசம். அங்கே தோற்றால் மாநில விசாரணைக்கு 120 நாள். ஆனால் சேவை தொடர வேண்டுமென்றால் இங்கும் அந்த 10 நாள் கணக்குத்தான்.

போனில் பேசி நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். "கவலைப்படாதீர்கள், சரி செய்துவிடலாம்" என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், தேதி அதற்காக நிற்காது. எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பிய அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக மத்திய நிதியில் இயங்குகிற பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது, இலவசமாக உதவுவார்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், கட்டணம் இல்லை.

ரேட் மாற்றத்துக்குப் பொதுமக்கள் கருத்து கேட்கிறார்கள். நாங்கள் எழுதி ஏதாவது ஆகுமா?

வெய்வரில் பெரிய மாற்றம் செய்ய மாநிலம் 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும், பெரும்பாலும் எழுதுவது புரொவைடர் சங்கங்கள்தான், குடும்பங்கள் மிகக் குறைவு. உருக்கமாக நான்கு பக்கம் தேவையில்லை. பிள்ளையின் வயது, இப்போது எத்தனை மணி நேரம் அனுமதி, அதில் எத்தனை கிடைக்கிறது, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை உதவியாளர்கள் மாறினார்கள், புது ரேட்டில் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்ட எண்ணுக்கும் உங்கள் ஊர்ச் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம். இவ்வளவு போதும். வெய்வர் ஆவணத்தில் "அப்பெண்டிக்ஸ் ஐ" என்ற பகுதியில் ரேட் போட்ட முறை இருக்கும், அதைத் திறந்து பார்த்துவிட்டு எழுதினால் கேள்வி கூர்மையாக இருக்கும். அதே கடிதத்தை உங்கள் தொகுதி மாநிலப் பிரதிநிதிக்கும் அனுப்புங்கள், ரேட்டுக்கான பணத்தை ஒதுக்குவது சட்டமன்றம்.

வேலை மாறி வேறு மாநிலம் போகிறோம். வெய்வர் கூடவே வருமா?

வராது. புது மாநிலத்தில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், பட்டியலில் கடைசியில்தான் சேர்ப்பார்கள். வேலை வாய்ப்பை ஏற்பதற்கு முன்பே அந்த மாநிலத்தின் காத்திருப்புக் காலத்தையும், நீங்கள் குடியேறப்போகிற கவுண்டியில் புரொவைடர்கள் புதிதாக ஆள் எடுக்கிறார்களா என்பதையும் போன் போட்டு விசாரியுங்கள். இப்போதைய மதிப்பீட்டுத் தாள்கள், சேவைத் திட்டம், பள்ளி ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் கிளம்புவதற்கு முன் வாங்கிவிடுங்கள். வீடு மாறிய முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.